ஜோன்ஸ் வழியா, மியூர்ஹெட் வழியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மகள் விளையாட்டில் மேலே வந்தால் வீட்டில் எழும் கேள்வி இதுதான்: எஸ்.பி.எம். (பள்ளியிறுதித் தேர்வு) முடித்தபின் படிப்பா, பந்தயமா? இரண்டு கர்லிங் வீராங்கனைகளை வைத்துப் பார்க்கலாம். (பனித்தளத்தில் ஏறக்குறைய 20 கிலோ கருங்கல்லை வழுக்கவிட்டு, வட்டத்தின் நடுவே நிறுத்தும் ஆட்டம் இது.)

கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் ஒரு வழக்கறிஞர். படிப்பையும் விடவில்லை, கல்லையும் விடவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்றபோது அவருக்கு 39 வயது. அணி ஆட்டத்திலிருந்து விடைபெற்றது 2024இல்தான்.

ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட் 19 வயதிலேயே ஒலிம்பிக் போனார். 2013இல் உலக சாம்பியன். 2014 அரையிறுதியில் ஜோன்ஸ் அணியிடம் 6–4 தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். 2018 ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவருடைய கடைசிக் கல் பிசகியது. பதக்கம் ஜப்பானுக்குப் போனது. அப்புறம் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. அத்தனைக்கும் பிறகு 2022 பெய்ஜிங் இறுதியில் அதே ஜப்பானை 10–3 என்று வென்றார்! அந்த ஆண்டே, 32 வயதில் ஓய்வு.

மனத்தை அதிகம் அள்ளுவது மியூர்ஹெட்தான். ஆனால் அவருக்குப் பின்னால் பிரிட்டனின் விளையாட்டு நிதி இருந்தது. தேசிய அணியின் உதவித்தொகை கையில் உள்ள பெண் அந்த வழியில் துணிந்து இறங்கலாம். ஈப்போவுக்குப் பயிற்சிக்குப் போக பஸ் காசையே எண்ணும் தோட்டத்து வீட்டுக்கு ஜோன்ஸ் வழிதான் என் தேர்வு. மாலைப் பயிற்சிக்கு இடம் தரும் கல்லூரியைப் பெற்றோர் இப்போதே விசாரிக்கட்டும்.