பத்து நாள் விபாசனா முகாம்: எதை நம்பிப் போகலாம், எங்கே உஷார் வேண்டும்

ஆன்மிக மரபுகளில் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் பணத்தாலும் குருவின் தனி அதிகாரத்தாலும்தான். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் விபாசனா தியான முகாம் இரண்டுக்கும் முன்கூட்டியே பூட்டுப் போட்டிருக்கிறது. தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முழுதாக முடித்தவரிடம்தான் நன்கொடை வாங்குவார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடையாது. கோயங்கா 2013-இல் மறைந்தார். இன்றும் பாடம், இரவுச் சொற்பொழிவு எல்லாம் அவருடைய பதிவுகளின் வழியேதான். எதிரே உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் சொந்தச் சரக்கைச் சேர்க்க இடமே இல்லை. மிக நல்ல ஏற்பாடு.

பெயர்தான் பத்து நாள். விடுப்பு பன்னிரண்டு நாள் எடுங்கள். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். முதல் மூன்றரை நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா, நான்காம் நாள் பிற்பகல் முதல் உடல் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா. அதன்பின் தினம் மூன்று தடவை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் உறுதி, அதாவது அதிட்டானம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நேரம் ஆக ஆக முழங்கால் எரியும். பல்லைக் கடித்துத் தாங்குவது வெறும் வீம்பு. அந்த எரிச்சல் கூடுவதையும் குறைவதையும் வெறுப்பில்லாமல் பார்ப்பதுதான் பயிற்சி. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்கும்படி திண்டு வையுங்கள். முழங்கால் தரையில் படாமல் தொங்கினால் அடியில் ஒரு துண்டை மடித்துக் கொடுங்கள். மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உடம்பெங்கும் இதமான அதிர்வு பரவினால் 'சித்தித்துவிட்டது' என்று மயங்க வேண்டாம். மறுநாள் அதையே தேடி உட்கார்ந்தால் அது தியானம் இல்லை, ஆசை.

மதச்சார்பற்றது என்று கேள்விப்பட்டு வருபவர், புத்தரிடமும் ஆசிரியரிடமும் சரணடையும் பாலி வாசகத்தைத் திருப்பிச் சொல்லும்போது திகைப்பது நியாயமே. குருட்டுப் பணிவு வேண்டாம், புரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பெரிய குறை, மனம் கலங்கும்போது தெரியும். நண்பகலில் ஆசிரியரைத் தனியே பார்க்கலாம்; என்ன சொன்னாலும் 'சமநிலையோடு கவனியுங்கள்' என்பதே பெரும்பாலும் பதில். முதுகுவலிக்கு அது போதும், பீதிக்குப் போதாது. மரபின்மேல் உள்ள பக்தியில், ஒருவர் தூங்காமல் தவிப்பதைக்கூட 'பழைய சங்காரா (மனதில் படிந்த பழைய பதிவு) வெளியேறுகிறது' என்று பழைய மாணவர்கள் கடந்துவிடுவதுண்டு. அது கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஆபத்து. தொடர்ந்து தூக்கமில்லை, காரணமில்லாத பயம், இல்லாத குரல் கேட்கிறது என்றால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காதோ என்று மறைக்காதீர்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வரவே கூடாது. முகாமில் செல்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். கிளம்புமுன் மையத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.