கதிர்ச் சிகிச்சையா, குளிசை மட்டுமா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 76 வயது. மார்பில் இருந்த சிறிய புற்றுநோய்க் கட்டியை எடுத்தாயிற்று. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை, ஹார்மோனால் வளரும் வகை. இனி அந்த ஹார்மோனைக் குறைக்கும் குளிசையோடு (லெட்ரோசோல்) கதிர்ச் சிகிச்சையும் எடுப்பதா, குளிசை மட்டும் போதுமா?

கதிர்ச் சிகிச்சை என்றால் வழக்கமாக 15 நாள், மூன்று வாரம் மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். மெஷினுக்குக் கீழே சில நிமிடம்தான். காலி வீதி நெரிசலும், திரும்பி வந்து முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுவதும்தான் பாடு. தோல் சிவக்கும், களைப்பு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும்.

2023இல் வெளியான பிரைம் 2 ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் ஆன, இதே மாதிரிப் பெண்களைப் பற்றியது. இரு பக்கமும் குளிசை உண்டு. பத்து ஆண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களில் 0.9 வீதம், எடுக்காதவர்களில் 9.5 வீதம். உயிரோடு இருந்தவர்களோ இரு பக்கமும் ஏறத்தாழ 81 வீதம். இந்தக் கடைசி எண்ணை இரண்டு தரம் வாசித்தேன்.

குளிசை மட்டும் என்றால் அலைச்சல் இல்லை. ஆனால் ஐந்து வருடம் தவறாமல் போட வேண்டும். லெட்ரோசோல் மூட்டு வலி தரலாம், எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். இடையில் விட்டுவிடுவார் என்றால் கதிர்ச் சிகிச்சைதான் நல்லது. பெரியம்மா பிரஷர் குளிசையைக் கிழமை வாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பவர். "கோயிலுக்கு நடந்து போக ஏலுமெண்டால் காணும், பிள்ளை" என்கிறார். சரி, என் மனமும் குளிசைப் பக்கம்தான். எலும்பு அடர்த்திச் சோதனையை மட்டும் முதலில் செய்துவிட வேண்டும்.