வாடகை போர்ஷனுக்குச் சப்-மீட்டர்: வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்

மதுரையில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் மூன்று போர்ஷன். கீழ் வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பு உண்டு. மாடியில் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்புதான், எல்லாருக்கும் பொதுவான தண்ணீர் மோட்டாரும் அதிலேயே ஓடுகிறது. கரண்ட் பில் வந்தாலே சண்டை, அதனால் ஈபி மீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு யூனிட் ஆனது என்று தனியாகக் காட்டும் சப்-மீட்டரை மாடிக்கு இரண்டு, மோட்டாருக்கு ஒன்று என மூன்று போட்டேன். சிங்கிள் பேஸ், டிஜிட்டல், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது, பெட்டி, வயர், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ஆனது.

மீட்டரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1500 வாட் ஹீட்டர் ராடை மட்டும் தண்ணீரில் போட்டு ஓட விடுங்கள், நாற்பது நிமிடத்துக்கு ஒரு யூனிட் காட்ட வேண்டும். வோல்டேஜ் ஏற இறங்கக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சோதிக்காதீர்கள், அது சூடானதும் தானாக அணைந்து அணைந்து எரியும், கணக்கு வராது.

தொல்லை வந்தது மீட்டரால் இல்லை, பழைய வயரிங்கால். ஒரு போர்ஷன்காரர்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தபோதும் அவர்கள் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டர் போட்ட எலக்ட்ரீஷியன் "மீட்டர் ஃபால்ட் சார், மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறொருவர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு வீட்டுக்கும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இந்த வகை மீட்டர்கள் கரண்ட் திருட்டைப் பிடிப்பதற்காக பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கரண்ட் இந்த வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பினால் இவர்கள் கணக்கில் ஏறிவிடும். பேஸும் நியூட்ரலும் ஒத்துப்போகவில்லை என்று காட்டும் எர்த் விளக்கு மீட்டரில் எரிந்தால் முதலில் நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் குடியிருப்பவர்களிடம் காசு கேட்பது அநியாயம்.

மோட்டாருக்குப் போட்ட மீட்டர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட், ஆக இரண்டு மாத பில்லில் அது எவ்வளவு என்று இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் சமமாகக் கொடுத்த காலம் போய், தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டோம்.

அப்புறம் யூனிட் விலை. பல வீட்டு ஓனர்கள் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். ஈபியில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அந்தச் சலுகை அங்கே குடியிருப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. நான் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் விலையையே வாங்குகிறேன், ரசீதையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் சுலபமாக 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டியதும் 101 முதல் 200 வரைக்குமான குறைந்த விலையும் கிடைக்காது. எந்தச் சப்-மீட்டரும் இதைச் சரிசெய்யாது.

இதில் லாபம் என்ன என்று கேட்பவர்களுக்கு: மாடி போர்ஷன் ஒன்றின் வாடகை 9,000. கரண்ட் சண்டையில் ஒரு குடும்பம் காலி செய்து, ஒரு மாதம் வீடு சும்மா கிடந்து, பெயிண்டும் அடித்தால் மூன்று மீட்டரின் செலவைவிட அதிகம் போய்விடும். இந்தச் செலவை வருமான வரியில் தனியாகக் காட்டவும் முடியாது. வாடகையில் நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு மீதியில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள், மீட்டர், பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். அதனால் ஆள் மாறாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருமானம், அதற்கு இந்த மீட்டர் நன்றாகவே உதவுகிறது.

வாங்குபவர்கள் 5-30 ஆம்பியர் மீட்டரை ஏசி இல்லாத வீட்டுக்கு மட்டும் வாங்குங்கள். ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் ஒன்றாக ஓடும் வீட்டுக்கு 10-60 ஆம்பியர் எடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. வீடுகளுக்குள் இதை நிரந்தர ஏற்பாடாக வைக்காதீர்கள், தனிக் குடும்பம் இருக்கும் போர்ஷனுக்கு மின்வாரியத்தில் தனி இணைப்பு கேளுங்கள். நானும் மாடியில் ஒரு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அது வந்ததும் மோட்டார் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிவிடுவேன்.