மொன்றியல் குளிரில் சைக்கிள்: கால்களுக்குப் பாவித்தவையும் நின்று பிடித்தவையும்

மொன்றியலில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்கு ஏறக்குறைய 10 பாகை கீழே நிற்கும். அந்தக் குளிரில் சைக்கிள் ஓட்டுபவருக்கு முதுகு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே கால்விரல்கள் விறைத்துவிடும். இந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து சென் டெனி வீதியின் சைக்கிள் பாதை வழியாக நகர மையத்துக்குப் பல குளிர்காலங்களாக வேலைக்குப் போய்வருகிறேன். 2020 இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் குளிர்காலத்திலும் பனி அள்ளப்படுவதால், ஓட்டத்தைவிடக் கால்களைச் சூடாக வைத்திருப்பதற்கே அதிகம் செலவழித்திருக்கிறேன்.

நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர்கிறது. சைக்கிளிலோ தொடையும் கெண்டைக்காலும் வேலையைச் செய்ய, பாதம் மிதிகட்டையின் மேல் அசையாமல் கிடக்கிறது. விரல்களில் சூட்டை உண்டாக்கக்கூடிய தசை மிகக் குறைவு; அங்கே போய்ச் சேரும் சூடு பெரும்பாலும் இரத்தத்தோடு போவதுதான். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் உடல் குறைத்துக்கொள்வதும் அந்த இரத்தத்தைத்தான். இதோடு காற்றும் சேர்கிறது. கனடாவில் பாவிக்கப்படும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, −10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று திறந்த தோலுக்கு −18 போல இருக்கும். காற்றே வீசாத நாளிலும் அந்த வேகத்தில் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

கோடைகாலச் சைக்கிள் சப்பாத்துக்கு மேலே மாட்டும் நியோப்ரீன் (செயற்கை இறப்பர்) உறையைத்தான் பலரைப் போல நானும் முதலில் வாங்கினேன். நவம்பர் மாதத்துக்கும், உறைநிலையை ஒட்டிய நாட்களுக்கும் அது போதுமானது. காற்றை நன்றாக மறிக்கும். ஆனால் சப்பாத்தின் அடியில் பூட்டி மிதிகட்டையில் கொளுவும் துண்டான கிளீட்டுக்காக அதன் அடியில் ஓட்டை விடப்பட்டிருக்கிறது. சமிக்ஞை விளக்குகளில் காலை ஊன்றி ஊன்றி அந்த ஓட்டை கிழிந்து பெருத்தது. உப்பும் பனியும் கலந்த வீதிச் சேறு உள்ளே போய் உறையை மூடும் ஸிப்பையும் அரித்துவிட்டது. −5 பாகைக்குக் கீழே அதனால் பெரிய பயன் இருக்கவில்லை. மேலே எதைப் போர்த்தினாலும் சூடு அடியால் போய்க்கொண்டிருந்ததே காரணம். கிளீட் உலோகம், அது பூட்டும் மிதிகட்டையும் உலோகம். நைலோனோடு ஒப்பிட்டால் அலுமினியம் பல நூறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும்.

ஆகவே, இத்தனை காலத்தில் நான் வாங்கியவற்றுள் மிகவும் மலிவானதும் மிகவும் பயன்பட்டதும் நைலோனில் செய்த தட்டையான மிதிகட்டைச் சோடி என்று தயங்காமல் சொல்வேன். மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய உலோக ஊசிகள், சப்பாத்தின் அடியில் பனி அப்பியிருக்கும்போதும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. கொளுவிய காலால் மேல்நோக்கி இழுக்கும் வசதி போய்விடுகிறது என்பது உண்மைதான்; பனிக்கால வீதியில் யார் அப்படி வேகமாகப் போகப் போகிறார்கள்? முக்கியமான இலாபம் வேறு. கிளீட் தேவையில்லை என்றானதும் எந்தச் சப்பாத்தையும் போடலாம், அதுவும் அளவில் பெரியதாக.

நான் போடுவது கழற்றக்கூடிய ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த கம்பளி) உள்ளுறை கொண்ட சாதாரண பனிச் சப்பாத்து, என் வழமையான அளவைவிட ஒரு அளவு பெரியது. உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறைகளைத் திணித்தால், சூட்டைக் காக்கும் காற்றும் நசுங்கிப் போகும், இரத்தமும் ஓடாது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பெரியம்மா ஒவ்வொரு வருடமும் “இன்னொரு சொக்ஸைப் போடு மோனை” என்றுதான் சொல்வார். மறுத்துப் பேசுவதில்லை, ஆனால் போடுவதுமில்லை. மெரினோ கம்பளியில் செய்த ஒரேயொரு தடித்த காலுறை போதும். பருத்திக் காலுறை நனைந்தால் நனைந்ததுதான். காற்றைவிட நீர் ஏறக்குறைய 24 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால், சிறிய ஈரமும் விரலில் தெரியும்.

இந்தச் சப்பாத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அடி தடிப்பானது என்பதால் இருக்கையைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. அகலம் கூடியது என்பதால் கணுக்கால் பக்கம் அடிக்கடி மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கில் உரசி, சப்பாத்தின் தோலில் ஒரு கறுத்த தழும்பு விழுந்திருக்கிறது. உள்ளுறையை ஒவ்வொரு இரவும் கழற்றி, ஹீற்றருக்கு அருகே, அதன் மேலே அல்லாமல், நிறுத்திவைக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் காலையிலேயே கால் குளிரும். இரண்டாவது குளிர்கால முடிவில் குதிப் பக்கத்து ஃபெல்ட் கடதாசி போல நசுங்கியிருந்ததால் உள்ளுறையை மட்டும் மாற்றினேன். சைக்கிளுக்கென்றே செய்த பனிச் சப்பாத்துகள் 300 டொலருக்கு மேல் போகின்றன. நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அவை பொருந்தலாம், என் தூரத்துக்கு அந்த விலை மிகை.

பற்றரியால் சூடேறும் உள்ளடியையும் ஒரு குளிர்காலம் பாவித்தேன். லிதியம் பற்றரிகள் குளிரில் கொள்ளளவு இழப்பதால், திரும்பி வரும்போதே அது ஓய்ந்துவிடும். உறையைப் பிரித்ததும் சூடாகும் சிறு பொதிகளோ இரும்புத்தூள் ஒட்சிசனோடு சேர்வதால் சூடாகுபவை. காற்றுப் புகாத சப்பாத்துக்குள் அவை பாதி அணைந்துதான் கிடக்கும். காலுறைக்கு வெளியே, விரல்களின் மேற்புறத்தில் வைத்தால் ஓரளவு வேலை செய்கின்றன. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், நம்மவர்களில் அப்படிப் பலர் உண்டு, இவற்றைத் தவிர்ப்பதே நல்லது, சுட்டாலும் தெரியாது.

செலவே இல்லாத ஒன்று பாண் சுற்றிவரும் பிளாஸ்ரிக் பை. மெல்லிய காலுறைக்கு மேலே பையையும், அதற்கு மேலே கம்பளிக் காலுறையையும் போட்டால், வியர்வை கம்பளிக்கும் ஃபெல்ட்டுக்கும் போகாது. கால் சற்றுக் கசகசக்கும், வேலைக்குப் போனதும் உள்காலுறையை மாற்ற வேண்டும். −15 பாகைக்குக் கீழே மட்டும் இதைச் செய்கிறேன்.

கணுக்காலை மறந்துவிடக் கூடாது. அங்கே இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகே ஓடுகின்றன. காற்சட்டைக்கும் சப்பாத்துக்கும் இடையே இரண்டு விரல் அகலம் திறந்திருந்தாலும் பாதத்துக்குப் போகும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். பழைய கம்பளிக் காலுறையின் பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குழாயை அந்த இடைவெளிக்கு மாட்டுகிறேன். காற்றை மறிக்கும் காற்சட்டையும் உதவியது.

இவ்வளவும் சேர்ந்து −20 பாகை வரை எனக்குப் போதுமாக இருக்கிறது. வழியில் விரல்கள் வலித்தால் இறங்கிச் சில நூறு மீற்றர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். பாதம் மடங்கத் தொடங்கியதும் சூடு திரும்பும். வலி நின்று விரல் மரத்துப் போனால் அது வேறு விடயம், உடனே ஏதாவதொரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், விரலைத் தேய்க்கக் கூடாது. −20 க்குக் கீழே இறங்கும் நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு மெற்றோவில் போகிறேன்.