கேட் (CAD) மென்பொருள் இல்லாத வாடிக்கையாளருக்கு வரைபடம்: பிடிஎஃப்பா, லிங்க்கா, டிடபிள்யூஜியா, தாளா?

காவேரிப்பட்டணத்தில் 30-க்கு 40 அடி மனையில் வீடு கட்டுகிறவரிடம் இருப்பது ஒரு செல்போன். பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலை மேலாளரின் மேசையில் கணினி உண்டு, அதில் எக்செல் தாண்டி ஒன்றும் இருக்காது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் நல்ல கணினியே இருந்தாலும், ஐடி ஆட்களைக் கேட்காமல் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. இந்த மூவருக்கும், வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளின் டிடபிள்யூஜி கோப்பை அப்படியே அனுப்பினால் வருகிற பதில் ஒன்றுதான்: "சார், ஓப்பன் ஆகல."

எதில் அனுப்புவது என்பதை நம்மிடம் உள்ள மென்பொருளை வைத்து முடிவு செய்யக்கூடாது. வரைபடத்தை வைத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்துச் சரி சொல்லப்போகிறாரா, கையெழுத்துப் போடப்போகிறாரா, மேஸ்திரி கையில் கொடுக்கப்போகிறாரா, தகடு வெட்டப்போகிறாரா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

முதலில் தள்ள வேண்டியது: போட்டோ

திரையை போனில் படம் பிடித்தோ, ஜேபெக் ஆக்கியோ வாட்ஸ்அப்பில் போடுவதுதான் ஊரில் அதிகம் நடக்கிறது. வாட்ஸ்அப் சாதாரணப் படத்தைச் சுருக்கும்போது நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். ஏ3 தாளின் நீளம் 420 மி.மீ. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு நாலு பிக்சல்கூட இல்லை. 2.5 மி.மீ. உயர எழுத்துக்கு மிஞ்சுவது ஒன்பது பிக்சல். அதில் 6-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். 3 அடி 6 அங்குல சன்னலை 3 அடி 8 அங்குலம் என்று படித்து ஆசாரி சட்டம் அறுத்துவிட்டால், அந்த மரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற பஞ்சாயத்துதான் மிச்சம். நிறம், முகப்புத் தோற்றம் காட்டப் படம் போதும். அளவு எழுதிய எதையும் படமாக அனுப்பக்கூடாது.

பிடிஎஃப்: பத்தில் எட்டு வேலைக்கு இதுதான், ஒழுங்காக எடுத்தால்

எந்த போனிலும் திறக்கும், கோடு கோடாகவே இருப்பதால் பெரிதாக்கினாலும் உடையாது, தேதி போட்டுப் பத்திரப்படுத்தலாம். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் சுருக்காமல் போகும். 2 ஜிபி வரை ஏற்கும். ஜிமெயில் இணைப்புக்கு வரம்பு 25 எம்பி. இவ்வளவு நல்லதாக இருந்தும் பிடிஎஃப்பில் குழப்பம் வருவது, அதை எடுக்கிற விதத்தில்.

ஆட்டோகேட்டில் வரைகிற மாடல் பக்கத்திலிருந்து 'விண்டோ' இழுத்து, 'ஃபிட் டு பேப்பர்' டிக் செய்து எடுத்தால் அது எந்த ஸ்கேலிலும் இருக்காது. அச்சுக்கான லேஅவுட் பக்கத்தில் ஏ3 தாள் வைத்து, அதில் வரைபடம் தெரியும் சட்டமான வியூபோர்ட்டை 1:50 ஆக்கிப் பூட்டி, பிளாட் ஸ்கேல் 1:1 கொடுத்து எடுக்க வேண்டும். 30-க்கு 40 மனை 1:50-ல் 183-க்கு 244 மி.மீ. வரும், ஏ3-ல் டைட்டில் பிளாக்குக்கும் சன்னல் கதவு அட்டவணைக்கும் தாராளமாக இடம் மிஞ்சும். எல்லாக் கோட்டையும் கறுப்பாக அச்சிடும் மோனோகுரோம் சிடிபி அமைப்பைப் போட மறந்தால் மஞ்சள் லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு) வெள்ளைத் தாளில் காணாமலே போய்விடும். அளவுக் கோடுகள் மஞ்சளில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆட்டோகேட்டின் சொந்த எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் எழுதியிருந்தால், அடோபி ரீடரில் திறப்பவருக்கு எழுதிய ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கமெண்ட் பெட்டி நிற்கும். வாடிக்கையாளர் அதை யாரோ எழுதிய திருத்தம் என்று நினைத்துக்கொள்வார். ஆட்டோகேட்டில் பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் என்ற மாறியை 0 ஆக்கினால் அது நின்றுவிடும். கூடவே, பிடிஎஃப் ஆப்ஷனில் லேயர் தகவல் சேர்க்கும் டிக்கையும் எடுத்துவிடுவது நல்லது. கம்பி விவர லேயரை அவர் தெரியாமல் அணைத்துவிட்டு "கம்பியே காட்டல" என்று போன் செய்ய வழி இருக்காது. தமிழில் அறைப் பெயர் எழுதியிருந்தால் எடுத்த பிடிஎஃப்பை ஒருமுறை போனில் திறந்து பார்க்க வேண்டும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பது அங்கேதான் கண்ணில் படும்.

அடுத்தது பலரும் கவனிக்காத கணக்கு. போனை நெட்டாகப் பிடித்தால் திரை அகலம் சுமார் 7 செ.மீ. 42 செ.மீ. நீள ஏ3 தாள் அதில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, 2.5 மி.மீ. எழுத்து 0.4 மி.மீ. ஆகிவிடும். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எந்த அறையில் இருக்கிறோம் என்பதையே தொலைத்துவிடுவார். அதனால் ஒப்புதலுக்கு 'போன் தாள்' ஒன்றைத் தனியாகச் செய்வது பலன் தரும்: நெட்டுவாக்கில் ஏ4, பிளான் 1:75, எழுத்து 5 மி.மீ., அறைப் பெயர், உள் அளவு, வடக்குக் குறி, கதவு சன்னல் எண்கள் மட்டும். பிளான் 122-க்கு 163 மி.மீ.தான் என்பதால் ஏ4-ல் அடங்கும். எழுத்து திரையில் 1.7 மி.மீ. வரும், கண்ணாடி போட்ட பெரியவரும் படிப்பார். வடக்குக் குறியை மட்டும் பெரிதாகப் போடுங்கள். வாஸ்து பார்ப்பவரிடம் அவர் காட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

பிடிஎஃப் அனுப்பினால் யாரும் காப்பியடிக்க முடியாது என்று நம்புவது தவறு. ஆட்டோகேட் 2017-லிருந்து பிடிஎஃப்இம்போர்ட் கட்டளை இருக்கிறது. கோடாக உள்ள பிடிஎஃப்பை அது திரும்பக் கோடாகவே எடுத்துவிடும். பாக்கிப் பணம் வராத நிலையில் அனுப்புவதானால், தாளைப் படமாக்கி 'ஒப்புதலுக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதி அதைப் பிடிஎஃப் ஆக்கலாம். படிக்கும்படி 200 டிபிஐயாவது (அங்குலத்துக்கு 200 புள்ளி) இருக்கட்டும்.

டிடபிள்யூஜி: யார் வரைவாரோ அவருக்கு மட்டும்

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கும் லேசர் கட்டிங் பட்டறைக்கும் கோப்பே வேண்டும். வீட்டுக்காரருக்கு எதற்கு? வேண்டும் என்று கேட்டால், விண்டோஸ் கணினி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிடபிள்யூஜி டிரூவியூவைச் சொல்லலாம். ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தருவது. பார்க்கலாம், அளக்கலாம், அச்சிடலாம், பழைய பதிப்புக்கு மாற்றலாம், திருத்த முடியாது. ஆனால் விண்டோஸில் மட்டும்தான், போனில் இல்லை.

டிடபிள்யூஜி அனுப்பி வம்பில் மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். எக்ஸ்ரெஃப் (வரைபடத்தோடு இணைத்த வேறு கோப்பு) கூடப் போகாமல் தூண் கட்டம் மட்டும் காணாமல் போவது. எழுத்துரு இல்லாமல் கேள்விக்குறியாக நிற்பது. 2018 வடிவத்தில் சேமித்ததை 2013-ம் ஆண்டு மென்பொருள் திறக்க மறுப்பது. முதல் இரண்டுக்கும் ஈடிரான்ஸ்மிட் கட்டளை மருந்து: எக்ஸ்ரெஃப், எழுத்துரு, சிடிபி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் கட்டித் தரும். மூன்றாவதற்கு 2010 வடிவத்தில் சேமித்தால் போதும்.

தகடு வெட்டுகிறவருக்கு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் கோப்பு வடிவம்) தனி. 1:1, மில்லிமீட்டர், அளவுக் கோடும் டைட்டில் பிளாக்கும் இல்லாமல். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை ஓவர்கில் கட்டளை கொடுத்து நீக்காவிட்டால் லேசர் ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடித் தகட்டைக் கருக்கும். அலகு அங்குலமாக மாறிப்போனால் பாகம் 25.4 மடங்கு தப்பும். அதனால் "இந்தத் துளை விட்டம் 12 மி.மீ." என்று ஒரே ஓர் அளவு எழுதிய பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்பினால் பட்டறைக்காரர் சரிபார்த்துக்கொள்வார்.

லிங்க்: பேசும்போது நல்லது, பத்திரப்படுத்த ஆகாது

ஆட்டோகேட்டின் ஷேர்வியூ கட்டளை, வரைபடத்தின் அன்றைய நிலையை மட்டும் எடுத்து ஒரு லிங்க் தரும். வாடிக்கையாளர் பிரௌசரில் திறந்து சுழற்றலாம், அளக்கலாம். மூலக் கோப்பு அவர் கைக்குப் போவதில்லை. சிப்காட் பர்ச்சேஸ் பிரிவு மாதிரி, ஒன்றும் இன்ஸ்டால் செய்ய முடியாத இடத்துக்கு இது பிடிஎஃப்பைவிட மேல். போனில் பேசிக்கொண்டே "அந்த பிராக்கெட்டைத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லலாம்.

இதில் குறை இரண்டு. லிங்க் 30 நாளில் காலாவதியாகும், நீட்டித்தால் தவிர. மாங்காய் சீசன் முடிந்து ஆகஸ்டில் மேலாளர் அந்தப் பழைய லிங்க்கைத் தட்டினால் வெறும் பக்கம்தான் வரும். அதே ஆட்டோகேட்டின் 'ஷேர் டிராயிங்' லிங்க்குக்கு ஆயுள் 7 நாள்தான். இன்னொன்று, நாம் மூலத்தில் திருத்தினாலும் ஷேர்வியூ தானாக மாறாது, புதிதாக அனுப்ப வேண்டும். அஞ்செட்டி மலைப்பக்கம் சைட் இருந்தால் சிக்னலை நம்பி லிங்க் அனுப்புவதும் வீண்.

முப்பரிமாணத்துக்கு சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஈடிராயிங்ஸ் கோப்பு அனுப்பலாம். பார்க்கும் மென்பொருள் இலவசம், ஆனால் இன்ஸ்டால் செய்ய வேண்டும். 3டி பிடிஎஃப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கணினியில் அடோபி ரீடர் வேண்டும், அதிலும் 3டிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். குரோமில் திறந்தால் காலிப் பெட்டி. வாடிக்கையாளர் போன்காரர் என்றால் இதை மறந்துவிடலாம்.

தாள்

சைட்டில் தாளை மிஞ்சியது இன்னும் வரவில்லை. சிமெண்ட் கையோடு மேஸ்திரி போனைத் தொடமாட்டார். ஆனால் ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட்' என்ற அமைப்பில் அச்சிட்டுவிடுவார்கள். ஏ3-க்கு ஏ3 என்றாலும் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் 10 அடிச் சுவர் 9 அடி 8 அங்குலச் சொச்சம் காட்டும். ஏ3-ஐ ஏ4-ல் எடுத்தாலோ 1:100 என்று எழுதியது 1:141 ஆகிவிடும். கடையில் "ஆக்சுவல் சைஸ்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதோடு வரைபடத்திலேயே 10 அடிக்கு ஓர் அளவுப் பட்டை வரைந்துவிட்டால், 1:50 தாளில் அது 61 மி.மீ. இருக்கிறதா என்று பள்ளிக்கூட ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம். 43 மி.மீ. காட்டினால் யாரோ ஏ4-ல் அச்சிட்டிருக்கிறார்கள்.

எதில் அனுப்பினாலும் கதவு சன்னலுக்கு எண் போடுங்கள்: க1, க2, ச1, ச2. அறைக்கும் எண். திருத்தம் கேட்டு வருவது பெரும்பாலும் வாய்ஸ் நோட். "அந்த ரூம்ல ஜன்னல கொஞ்சம் தள்ளி வைங்க" என்பது "ச3-ஐ ரெண்டு அடி வலது பக்கம் தள்ளுங்க" என்று மாற எண் மட்டும் போதும். பதிலுக்கு ரிவிஷன் எண்ணும் தேதியும் பெயரிலேயே உள்ள பிடிஎஃப் போகட்டும். மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் மேஸ்திரி கையில் இருப்பது எது என்று யாராலும் சொல்ல முடியாது. புதுத் தாள் போகும் அன்றே சைட் சுவரில் ஒட்டிய பழைய தாளை ஆள் வைத்தாவது கிழித்துவிட வேண்டும்.