50 கிலோ என்று சொல்லி 41 கிலோ அனுப்பினார்கள்: வீட்டில் உடற்பயிற்சி செட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு விற்றவரிடமிருந்து கடைசி பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். எங்கே ஏமாந்தேன் என்று முழுவதும் சொல்கிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். எனக்குப் போனது 18 மாத ஜிம் கட்டணத்துக்குச் சமமான பணம்.

இரண்டு வருடம் ஜிம்முக்குப் போனவன் நான். வேலை நேரம் மாறியதும் மாலை நெரிசலில்தான் போக முடிந்தது. ஒரு பெஞ்சுக்கு இருபது நிமிடம் காத்திருந்து, ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்குவது) முடித்து எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். சரி, வீட்டிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். தசை வளரப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. ஒரு செட்டில் 5 முறை தூக்கினாலும் 30 முறை தூக்கினாலும், இதற்கு மேல் முடியாது என்ற நிலைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினால் தசை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்கிறது. கூடவே தேவையான புரதம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை, அப்புறம் தூக்கம். இவ்வளவும் வீட்டில் முடிகிற காரியம். கணக்குப் போட்டேன். ஒரு பெஞ்ச், 50 கிலோ பிளேட் (கம்பியில் மாட்டும் எடைத் தட்டு), இரண்டு டம்பெல் கம்பி, எல்லாம் சேர்த்து 18 மாத ஜிம் கட்டணம். அதன் பிறகு செலவே இல்லை என்று நினைத்தேன்.

பழைய பொருளும் புதுப் பொருளும் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் விளம்பரம் பார்த்தேன். 'உள்ளே வார்ப்பிரும்பு, மேலே ரப்பர் பூச்சு, பெஞ்ச் 300 கிலோ தாங்கும்' என்று இருந்தது. மெசேஜ் போட்டேன். விற்பவரே போன் செய்தார்.

நான் விழுந்த இடம் அந்தப் போன்தான். பெரிய மல்டி ஜிம் மெஷின் ஒன்றையும் கேட்டேன். "ப்ரோ, அது உங்களுக்கு வேண்டாம். இடத்தை அடைக்கும், ஆறு மாதத்தில் துணி காயப்போடுவீங்க. டம்பெல்லும் பெஞ்சும் போதும்" என்றார். என் எடை கேட்டார், அறையின் அளவு கேட்டார், தோளில் பழைய வலி ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்டார். விலை அதிகமான பொருளை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரி பொய் சொல்வாரா? அங்கேயே நம்பிவிட்டேன். பிறகு, "தளம் வழியாகப் போனால் அவங்களுக்குக் கமிஷன் போகும். நேராக அனுப்புங்க, அந்தப் பணத்துக்கு ஒரு தரைவிரிப்பு சும்மா தர்றேன்" என்றார். முழுத் தொகையையும் நேராக அவர் கணக்குக்கே அனுப்பினேன். 18 மாத ஜிம் கட்டணம், ஒரே தடவையில்.

பொருள் ஐந்தாம் நாள் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்புப் பிளேட்டுகள், 5 கிலோவில் நான்கு, 2.5-இல் எட்டு, 1.25-இல் எட்டு. எண்கள் வெள்ளையில் பளிச்சென்று. 5 கிலோ பிளேட் ரொம்பத் தடிமனாக இருக்கிறதே என்று அன்றைக்கே தோன்றியது. ரப்பர் பூச்சு இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதுவது என் வழக்கம். நான்காவது வாரத்திலிருந்து நோட்டில் ஏதோ இடித்தது. திங்கட்கிழமை ஒரு எடையில் 12 முறை. வியாழக்கிழமை அதே எடையில் 9 முறை. அடுத்த திங்கள் 13. தூக்கம் சரியில்லையோ, சாப்பாடு போதவில்லையோ, வயதாகிவிட்டதோ என்று என் உடம்பைத்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு இப்போதும் தாங்க முடியாதது அதுதான்.

ஐந்தாவது வாரம், பெஞ்சைச் சாய்த்து வைத்து மார்புப் பயிற்சி. என் எடை 74 கிலோ. இரண்டு கையிலும் சேர்த்து 35 கிலோ என்று எழுதியிருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கம்பியைச் சேர்த்தாலும் மொத்தம் 120 கிலோவைத் தாண்டாது. ஏழாவது முறை மேலே தள்ளும்போது முதுகுப் பலகை 'டக்'கென்று சாய்வை மாற்றும் பல்வரிசையில் ஒரு பல் கீழே இறங்கியது. வலது கையை எப்படியோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். இடது கை டம்பெல் தரையில் விழுந்து ஒரு பிளேட் விரிசல் விட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி முதலில் என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்து, "என்னங்க இது, சாம்பல் மாதிரி கொட்டியிருக்கு?" என்றாள்.

விரலால் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட்டும் மணலும். வெளியே ரப்பர்கூட இல்லை, பிளாஸ்டிக் ஓடு. வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7 கிராமுக்கு மேல், கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 2.4 கிராம். ஒரே எடைக்கு சிமென்ட் பிளேட் மூன்று மடங்கு பருமன் வேண்டும். பிளேட் ஏன் அவ்வளவு தடிமனாக இருந்தது என்று அப்போது புரிந்தது. பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தேன். பலகையைத் தாங்கும் கம்பியின் மூட்டில் வெல்டிங் பாதிதான் பிடித்திருந்தது. மீதி இடத்தில் ஓட்டை அடைக்கும் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்ட் ஒரு சில்லாக உரிந்த இடத்தில் அந்த வெள்ளைப் பட்டி பல்லிளித்தது.

அன்று இரவே எல்லாவற்றையும் எடை போட்டேன். 5 கிலோ பிளேட் நான்கும் 4.4, 4.3, 4.1, 3.8 என்று இருந்தன. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒரு கையில் முதல் இரண்டும் மறு கையில் மற்ற இரண்டும் மாட்டினால் கைக்குக் கை 800 கிராம் வித்தியாசம். சின்ன பிளேட்டுகளையும் சேர்த்து மொத்தம் 41 கிலோ 100 கிராம். ஏறக்குறைய 9 கிலோவுக்கு நான் கொடுத்த பணம் காற்றுக்குப் போயிருக்கிறது. நோட்டில் 9-உம் 13-உம் மாறி மாறி வந்ததற்குக் காரணம் என் உடம்பு இல்லை. எந்த நாளில் எந்தப் பிளேட்டை எந்தப் பக்கம் மாட்டினேன் என்பதுதான்.

எடைப் பயிற்சிக்கு அடிப்படையே பிளேட்டில் எழுதியிருக்கும் எண்தான். காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கால் வலுவை மீட்டுக் கொடுத்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945-இல் எழுதிய முறையே, ஒருவரால் 10 முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, அதை அளந்து அளந்து ஏற்றிக்கொண்டே போவதுதான். இன்றைக்கும் எல்லாரும் செய்வது இதன் வழிதான். எண் பொய்யானால் ஏற்றினோமா இறக்கினோமா என்றே தெரியாது. ஐந்து வாரம் நான் அப்படித்தான் குருடாகத் தூக்கியிருக்கிறேன்.

படங்கள், வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதல் பதில், "உங்க வீட்டு எடை மெஷின் தப்பா காட்டும் ப்ரோ." சரி என்று 5 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, பாத்திரத்தின் எடையைக் கழித்துக் காட்டினேன். மெஷின் 5 கிலோ என்று சரியாகக் காட்டியது. இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எல்லா கம்பெனியிலும் அப்படித்தான்." நல்ல பிளேட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் வரலாம், ஐந்து கிலோவில் 1 கிலோ 200 கிராம் குறையுமா என்று கேட்டேன். அதற்குப் பதில், "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. "அப்ப எப்படி நம்புறது? நீங்களே மாத்தி வச்சிருக்கலாம்ல?"

என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். தோள் வலி உண்டா என்று அக்கறையாகக் கேட்ட அதே குரல்.

பெஞ்ச் இறங்கியதில் டம்பெல் நெஞ்சில் விழுந்திருக்கும் என்று சொன்னேன். "நீங்க சரியா மாட்டியிருக்க மாட்டீங்க" என்றார். கடைசியாக, "சரி, திருப்பி அனுப்புங்க, பார்க்கலாம். பார்சல் செலவு உங்களது" என்றார். விசாரித்தேன். இவ்வளவு கனத்தை அனுப்புகிற செலவு கொடுத்த பணத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தளத்துக்கு எழுதினால், "பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரி. மறுபடி எழுதினேன், அதே வரி எழுத்து மாறாமல் வந்தது. நேற்று இரவு விற்றவரிடமிருந்து, "ஏழு நாளைக்குள்ள சொல்லியிருக்கணும், இனி தொந்தரவு பண்ணாதீங்க." அதோடு எண்ணைத் தடுத்துவிட்டார். 18 மாத ஜிம் கட்டணம் போனது போனதுதான்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. இவற்றையாவது செய்யுங்கள்.

விளம்பரம் பார்த்த தளத்துக்கு வெளியே ஒரு காசும் அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள், எடுத்த கையோடு ஒவ்வொரு பிளேட்டையும் எடை போடுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள், ஒட்டினாலும் எடை போடாமல் விடாதீர்கள். பெஞ்ச் தாங்கும் எடை என்பது உங்கள் எடையும் தூக்குகிற எடையும் சேர்ந்தது. மூட்டு வெல்டிங்கை நகத்தால் கீறிப் பாருங்கள். முடிந்தால் பிளேட்டை நேரில் போய்க் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். அதுவரை தண்டால், பை நிறையப் புத்தகம், தண்ணீர் கேன் என்று சமாளியுங்கள். எடை போட்டுத் தெரிந்த தண்ணீர் கேன், பொய் எண் போட்ட பிளேட்டைவிட நல்ல கருவி.

உடைந்த பிளேட்டைத் தூக்கிப் போடவில்லை, கொட்டிய சிமென்ட்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை எழுத உட்காருவதற்கு முன்பு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விற்பவர் பெயர் மாறியிருக்கிறது. எனக்குக் காட்டிய அதே படம், அதே தரைவிரிப்பு, கீழே அதே வரி: 'உள்ளே வார்ப்பிரும்பு, மேலே ரப்பர் பூச்சு.' யாரோ ஒருவர் கீழே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.