மூன்று வருடம், பன்னிரண்டு கட்டி, ஒரு கறுப்பு

மகளுக்கு ஆறு வயதில் வெள்ளவத்தையில் ஒரு கடையில் 12 கட்டி நீர்வர்ணப் பெட்டி வாங்கினேன். மாணவர் தரம்தான், விலையும் பெரிதில்லை. இப்போது அவளுக்கு ஒன்பது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதுகிற அபிப்பிராயங்களை நம்பி நான் நிறையக் காசு விட்டிருக்கிறேன். அதனால்தான் மூன்று வருடம் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் தீர்ந்தது மஞ்சள். ஏழே மாதத்தில் நடுவில் குழி விழுந்து பிளாஸ்டிக் அடி தெரிந்தது. குழாயில் வருகிற மஞ்சளை வாங்கிப் பிதுக்கி நிரப்பினேன். கொழும்புக் காற்றில் அது காய மூன்று நாள் எடுத்தது. அடுத்துத் தீர்ந்தது ரோஸ். கறுப்புக் கட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. "அது கதை முடிஞ்ச நிறம்" என்பாள். நிழல் வேண்டுமென்றால் அல்ட்ராமரீன் நீலத்தோடு கருஞ்செம்பழுப்பைக் கலந்து சாம்பல் எடுப்பாள். அதையும் "மழைக்கு முந்தின காலிமுகம்" என்று கொழும்புக் கடற்கரைத் திடலின் பெயரை வைத்துத்தான் எடுப்பாள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஈரத்தோடு மூடிவைத்தால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சணம். வர்ணத்தைக் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பது மரப்பிசின், பூஞ்சணத்துக்கு அது விருந்து. இப்போது பாவித்த பிறகு ஓர் இரவு மின்விசிறிக்குக் கீழே திறந்தே கிடக்கும். அப்புறம் அந்த ரோஸ். கடல் பக்க ஜன்னலில் ஒட்டிய மீன் ஒன்று நாலு மாதத்தில் வெளிறிப் பேயாகிவிட்டது. பளீரென்ற ரோஸ் நிறங்கள் பலவற்றில் இருப்பது வெயிலுக்குத் தாங்காத சாயம். நான் கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்க, இவள் மீனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு வெட்கம் போயிட்டுது, அதுதான் வெள்ளை."

பச்சைக்கும் அலைந்தோம். அல்ட்ராமரீனில் சிவப்புச் சாயல் இருப்பதால் மஞ்சளோடு சேர்த்தால் வாடின வல்லாரை மாதிரித்தான் வரும். கிளிப்பச்சை வேண்டுமென்றால் பச்சைச் சாயல் உள்ள தாலோ நீலம் வேண்டும். அது இந்தப் பெட்டியில் இல்லை, தனியாக வாங்கினோம். சட்டையில் பட்டால் போகாது என்பதையும் அன்றே கண்டோம்.

பெட்டி உண்மையில் உழைத்தது அம்மம்மாவுக்காக. அவருக்குக் கண்ணில் வெண்புரை. மாத்திரைப் போத்தல்களுக்கு மகள் துண்டுக் கடதாசியில் அடையாளம் கீறினாள்: காலைக்கு நீல வானம், இரவுக்குப் பச்சை மரம். மேலே செலோடேப். இரண்டாம் நாளே அம்மம்மா மாற்றி எடுத்துவிட்டார், நல்லகாலம் நான் பக்கத்தில் நின்றேன். வெண்புரை விழுந்த வில்லை மஞ்சளித்துப்போகும், நீலம் மங்கிப் பச்சைப் பக்கம் சாயும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் நீலத்தைக் கிழித்துவிட்டு ஒரு சிவப்புச் சேவல் கீறியிருந்தாள், கடதாசி முழுக்க. அதன்பிறகு ஒரு நாளும் பிசகவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து வந்த வாரம், கிழித்த அந்த நீலத் துண்டை அம்மம்மா எங்கிருந்தோ கண்டெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது இவ்வளவு நீலமோ! நான் பச்சையெண்டெல்லோ நினைச்சன்."

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலையும் இதே பெட்டியால்தான் கீறினாள், ஊதாவும் வெள்ளையும் வரி வரியாக. சிவப்பு எங்கே என்று கேட்டேன். அது நித்திரையாம்.

கடதாசியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சித்திரக் கொப்பியில் தண்ணீர் பட்டதும் சுருண்டு நார் கிளம்பும். சதுர மீற்றருக்கு 300 கிராம் என்று போட்டிருக்கிற தடித்த தாள் ஒன்றை நாலாக வெட்டிக் கொடுங்கள், அதுவே போதும்.

போன மாதம் பார்ன்ஸ் பிளேசில் இருக்கிற சபுமல் நிறுவகத்துக்குக் கூட்டிப்போனேன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு ஓவியர்களின் படங்கள் சுவர் முழுக்க. அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் கீற்றின் தடித்த கோடுகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து, மூன்று வருடமாய் வழவழவென்று கிடந்த கறுப்பில் தூரிகையை வைத்தாள்.

"கதை முடிஞ்சுதோ?" என்றேன்.

"இல்லை அம்மா, இது வேலி. மஞ்சள் வெளியில ஓடாமல்."